பக்கத்து ஊர் ஆபரேட்டருக்குத் தெரிந்தது நம் ஊருக்கு வருவது எப்படி?

ஒரு ஊரில் ஆண்டுக்கு மூன்று முறை குடிநீர் மோட்டார் எரிகிறது. நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் அதே கம்பெனி, அதே ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஐந்து வருடமாகக் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) கட்டாமல் ஓடுகிறது. காரணம் அந்த ஊர் டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும். அவர் அதை யாருக்கும் சொன்னதில்லை. அவரை யாரும் கேட்டதுமில்லை.

தமிழ்நாட்டுக் கிராமக் குடிநீரில் எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது இதுதான். 1992-ல் வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீரைப் பதினொன்றாவது அட்டவணையில் சேர்த்தது. பொறுப்பு ஊராட்சியின் தலையில் வந்தது. பொறியாளர்களோ 1971-ல் தொடங்கிய குடிநீர் வடிகால் வாரியத்தில் இருக்கிறார்கள். ஊருக்குள் மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, தொட்டி கழுவுவது, பிளீச்சிங் பவுடர் கலக்குவது எல்லாம் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆபரேட்டரின் கையில். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்து வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தது. குழாய் போடுவது ஒரு முறை செய்கிற வேலை. அதில் தண்ணீர் வரவைப்பது தினசரி வேலை. அந்தத் தினசரி வேலையின் நுட்பம் ஊருக்கு ஊர் தனித்தனியாக அடைந்து கிடக்கிறது.

தமிழ்நாட்டில் 12,000-க்கு மேல் கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சிகள் வரும். ஒரு ஒன்றியம், அல்லது அக்கம்பக்கத்துப் பத்து ஊராட்சிகள் சேர்ந்து, இந்த அறிவைப் பரிமாறிக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்ய நினைத்தால் எந்த வழியில் போகலாம்? வகுப்புப் பயிற்சி, வாட்ஸ்அப் குழு, ஆபரேட்டர்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்ப் பார்க்கும் கூட்டம், ஊர் ஊராகச் சுற்றும் மெக்கானிக், எல்லா ஊரும் சேர்ந்த கூட்டமைப்பு என்று ஐந்து வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

வகுப்புப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. பவானிசாகர், தே.கல்லுப்பட்டி போன்ற இடங்களில் மண்டல மையங்கள் இருக்கின்றன. மின்சாரப் பாதுகாப்பு, பதிவேடு எழுதுவது, குடிநீர்த் தரம் போன்றவற்றுக்கு வகுப்பு நல்லது. இந்தியத் தர நிர்ணயப்படி ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது என்பதையெல்லாம் யாராவது ஒருவர் உட்கார வைத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆபரேட்டர் இரண்டு நாள் வெளியூர் போனால் ஊரில் வால்வை யார் திறப்பது? அதனால் பெரும்பாலும் ஆபரேட்டருக்குப் பதில் வேறு யாராவது போய் வருகிறார்கள். போனவருக்கும் அங்கே காட்டிய பேனல் போர்டும் தன் ஊர் பேனல் போர்டும் ஒன்றாக இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை பயிற்சி அவசியம். அதற்கு மேல் அதை நம்பிப் பயனில்லை.

வாட்ஸ்அப் குழுவுக்குச் செலவே இல்லை என்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் தொடங்குகிறார்கள். அவசரத்துக்கு அது கைகொடுக்கும். “மூணு இஞ்ச் ஏர் வால்வு எங்க கிடைக்கும்?” என்று கேட்டால் பத்து நிமிடத்தில் கடை பெயரோடு பதில் வந்துவிடும். எழுத வராதவர்கள் குரலிலேயே கேட்கலாம். மோட்டார் ஓடும்போது வரும் கரகர சத்தத்தைப் பதிவு செய்து போட்டால், அனுபவசாலி ஒருவர் கேட்டுவிட்டு “பேரிங் போச்சு, ஓட்டாத” என்று சொல்லிவிடுவார். இப்படி ஒரு மோட்டார் பிழைத்தால்கூட அந்தக் குழு இருந்ததற்கு அர்த்தம் உண்டு.

சிக்கல், குழுவில் அதிகாரிகள் இருக்கும்போது வருகிறது. கொஞ்ச நாளில் அது வருகைப் பதிவேடாக மாறிவிடும். தொட்டி கழுவும் படம், பிளீச்சிங் பவுடர் வாளியோடு நிற்கும் படம், தொட்டிச் சுவரில் சுத்தம் செய்த தேதி எழுதிய படம் என்று வரிசையாக வந்து விழும். ஒன்றிய அலுவலர் பார்க்கும் இடத்தில் “எனக்கு இது தெரியல” என்று எந்த ஆபரேட்டரும் கேட்க மாட்டார். தெரியாததைக் கேட்க முடியாத இடத்தில் யாரும் எதையும் கற்க முடியாது. ஆகவே குழு வைத்தால் இரண்டாக வையுங்கள். அறிக்கை அனுப்ப ஒன்று, ஆபரேட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்னொன்று. இரண்டாவதில் அலுவலர் யாரும் இருக்க வேண்டாம். அப்படிச் செய்தாலும் குழுவுக்கு ஓர் எல்லை உண்டு. ஏற்கெனவே முகம் பார்த்துப் பழகியவர்கள்தான் அதில் மனம் விட்டுக் கேட்பார்கள்.

முகம் பார்த்துப் பழகுவதற்கான வழிதான் மூன்றாவது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளர்களே சேர்ந்து, தங்கள் வேலை முறையை மாற்றிப் பார்த்தார்கள். கூடம் என்ற பெயரில் வட்டமாக உட்கார்ந்து பதவி பார்க்காமல் பேசினார்கள். பிறகு அதே முறையில் கிராமங்களில் மக்களோடும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் குறைந்தால் உடனே புது ஆழ்துளைக் கிணறு (போர்) போடுவது என்ற பழக்கத்தை நிறுத்தி, இருப்பதைச் சரிசெய்தால் போதுமா என்று முதலில் பார்த்தார்கள். பொறியாளரும் கிராமத்துப் பெண்ணும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பேச முடியும் என்று காட்டிய முயற்சி அது. அதை ஆபரேட்டர்களுக்கு இடையிலும் செய்யலாம்.

எப்படி நடக்கும் என்று ஒரு கூட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அக்கம்பக்கத்துப் பத்து ஊர் ஆபரேட்டர்கள் காலைத் தண்ணீர் விட்டு முடித்துவிட்டு, பதினொரு மணிக்கு ஒரு ஊரின் மோட்டார் அறைக்கு வருகிறார்கள். மண்டபமோ ஒலிபெருக்கியோ வேண்டாம். அந்த ஊர் ஆபரேட்டர் பேனல் போர்டைத் திறந்து மோட்டாரைப் போடுகிறார். மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் ஆம்ப்ஸ் மீட்டரில் முள் 9-ல் நிற்கிறது. “இது 6-க்கு இறங்குச்சுன்னா போர்ல தண்ணி கீழ போயிருச்சுன்னு அர்த்தம், உடனே நிறுத்திருவேன். 11-க்கு ஏறுச்சுன்னா வோல்டேஜ் கம்மி, இல்லன்னா மணல் மாட்டிருக்கு” என்கிறார். வந்திருப்பவர்களில் சிலர் மீட்டரைப் பார்த்தே மோட்டார் ஓட்டியதில்லை. சிலர் ஊரில் மீட்டரே வேலை செய்யாது. ஆண்டுக்கு மூன்று முறை மோட்டார் எரிந்த ஊருக்கான பதில் இந்த ஒரு முள்ளில் இருக்கலாம்.

அடுத்து எல்லோரும் கடைசித் தெருவுக்கு நடக்கிறார்கள். தெருக்கோடிக் குழாயில் சோதனைக் குழலில் தண்ணீர் பிடித்து, குளோரின் பார்க்கும் மருந்தைச் சொட்டு விடுகிறார்கள். மஞ்சள் நிறம் வர வேண்டும். வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே கணக்குப் போடலாம். 30,000 லிட்டர் தொட்டிக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் வீதம் 120 கிராம் பவுடர். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கிடைக்கும். அரை மணி நேரம் விட்டுத் திறந்தால் கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் பவுடர் மூட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாய் திறந்த மூட்டை ஈரத்திலும் வெயிலிலும் கிடந்தால் சக்தி பாதி போய்விடும். அப்புறம் 120 கிராம் போட்டாலும் 60 கிராம் போட்ட மாதிரிதான். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பவுடர் வைத்திருக்கும் ஆபரேட்டர் அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது இருப்பார். அவர் சொல்லி மற்றவர்கள் கேட்பதும், ஒரு அலுவலர் சுற்றறிக்கை அனுப்புவதும் ஒன்றல்ல.

இந்தக் கூட்டத்துக்கு ஊரின் பெண்களையும் அழைக்க வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. பல இடங்களில் பெட்டி ஊராட்சி அலுவலக அலமாரியில் இருக்கும். பயிற்சி பெற்றவர் வீட்டில் இருப்பார். ஆபரேட்டருக்கும் அவருக்கும் பேச்சே இருக்காது. தண்ணீரை விடுகிறவரும் அதைப் பிடித்துச் சோதிக்கிறவரும் ஒரே குழாயடியில் நின்று பேசினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இந்த வழியில் குறைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. நல்ல பழக்கம் பரவுவது போலவே தப்பான பழக்கமும் பரவும். “வாடை வந்தா ஜனங்க திட்டுவாங்க, பவுடரைக் கொஞ்சமா போடு” என்று மூத்த ஆபரேட்டர் ஒருவர் சொன்னால் பத்து ஊரும் குறைத்துவிடும். அதனால் இரண்டு கூட்டத்துக்கு ஒரு முறையாவது வாரியத்தின் உதவிப் பொறியாளரோ நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்காரரோ வந்து உட்கார வேண்டும். சாதியும் இதில் குறுக்கே வரும். சில ஊர்களில் சில ஆபரேட்டர்களை நாற்காலி போட்டு உட்கார வைக்கவே தயங்குவார்கள். கூட்டத்தை ஒவ்வொரு ஊராக மாற்றி நடத்துவதும், நடத்துகிற ஊரின் ஆபரேட்டர்தான் அன்றைக்கு முதலில் பேச வேண்டும் என்று விதி வைப்பதும் இதைக் கொஞ்சம் உடைக்கும்.

நான்காவது வழி, சுற்றி வரும் மெக்கானிக். இதுவும் நமக்குப் புதிதல்ல. 1970-களில் இந்தியா மார்க்-2 கைப்பம்புகள் வந்தபோது தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை வந்தது. ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய தேசிய ஊரக நீர் சங்கம், சின்னச் சின்ன ஊர்களுக்குத் தொழில்நுட்பர்களை அனுப்பும் முறையைப் பெரிதாக வளர்த்தது. ஒருவர் பல ஊர்களை முறை வைத்துச் சுற்றி வருவார், ஆபரேட்டரோடு சேர்ந்து வேலை செய்து காட்டுவார், அடுத்த ஊருக்குப் போவார். ஹோண்டுராஸ், எல் சால்வடோர் போன்ற நாடுகளும் இந்த முறையை எடுத்துக்கொண்டன.

இதன் பலம், கற்றுக்கொடுப்பது அவரவர் மோட்டாரிலேயே நடக்கிறது. வெளியூர் போகத் தேவையில்லை. மீட்டர் இல்லாத பேனலுக்கு மீட்டர் மாட்ட வைக்கலாம், வோல்டேஜ் குறைந்தால் தானாக நிறுத்தும் கருவியைச் சரிபார்க்கலாம், ஒழுகும் கேட் வால்வுக்குப் பேக்கிங் மாற்றிக் காட்டலாம். ஒரு ஊரில் பார்த்ததை அடுத்த ஊருக்கு எடுத்துப் போவார். ஒரே ஆளின் கண் முப்பது ஊரைப் பார்ப்பதால், ஒரே மாதிரிப் பழுது நான்கு ஊரில் வந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

பலவீனமும் அந்த ஒரே ஆள்தான். “அவர் வரட்டும், பாத்துக்கலாம்” என்று ஆபரேட்டர்கள் கையைக் கட்டிக்கொள்ளத் தொடங்கினால் கற்றல் நின்று, பழுது பார்ப்பது மட்டும் மிஞ்சும். அவர் வேறு வேலைக்குப் போனால் முப்பது ஊர் அனுபவமும் கூடவே போகும். இதைவிட எனக்குக் கவலை, அந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்பது. சிபாரிசில் வருகிறவரை ஆபரேட்டர்கள் மதிக்க மாட்டார்கள். மதிக்காதவரிடம் எதையும் கேட்கவும் மாட்டார்கள்.

ஐந்தாவது கூட்டமைப்பு. பிரேசிலின் செயாரா மாநிலத்தில் 1996-ல் தொடங்கிய சிசார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு பொது அமைப்பு வைத்திருக்கின்றன. அன்றாட வேலையை ஊர் ஆபரேட்டர் பார்க்கிறார். பெரிய பழுது, தண்ணீர்ப் பரிசோதனை, கட்டணப் பட்டியல் போன்றவற்றைப் பொது அமைப்பு பார்க்கிறது. கேட்கும்போதே ஆசையாக இருக்கிறது. ஆனால் இங்கே குடிநீர், ஊராட்சி என்ற அரசு அமைப்பின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் தனிக் கணக்கு, தனித் தீர்மானம், தனித் தணிக்கை. முப்பது ஊராட்சிகளை ஒரே அமைப்பில் சேர்க்க வருடங்கள் ஆகும். இதில் ஒரு துண்டை மட்டும் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். பத்து ஊராட்சிக்குப் பொதுவாக ஒரு உபரி மோட்டார் வைத்துக்கொண்டால், ஒரு ஊரில் மோட்டார் எரிந்தால் காயில் கட்டி வரும்வரை அந்த ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

சரி, பணம். சுமாராக ஒரு கணக்குப் போடுவோம். ஆபரேட்டர் கூட்டத்துக்கு வரும் நாளுக்குக் கூலி, பேருந்துக் காசு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 700 ரூபாய் என்று வைப்போம். 32 ஊராட்சி, மாதம் ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 2,68,800 ரூபாய். சுற்றும் மெக்கானிக்குக்குச் சம்பளம், பெட்ரோல் சேர்த்து மாதம் 25,000 என்றால் ஆண்டுக்கு மூன்று லட்சம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆபரேட்டர் கூட்டம் செலவில்லாதது என்று சொல்கிறவர்கள், ஆபரேட்டரின் ஒரு நாளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி நடத்தினால் மூன்றாவது கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள், வராததில் தப்பும் இல்லை. மூன்று லட்சத்தை 32-ஆல் வகுத்தால் ஊராட்சிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு மோட்டாரை மேலே ஏற்றி, காயில் கட்டி, மறுபடி இறக்கும் செலவு பல ஊர்களில் இதைத் தாண்டிவிடும்.

ஆக, எது மலிவு என்று பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. எந்த வகைப் பிரச்சினை அதிகம் என்று பார்க்க வேண்டும். பழக்கத்தில் வரும் பிரச்சினைக்கு, அதாவது மீட்டர் பார்க்காதது, பவுடரைத் தப்பாக வைப்பது, மாதம் இரண்டு முறை தொட்டி கழுவாதது போன்றவற்றுக்கு, சக ஆபரேட்டர் செய்வதை நேரில் பார்ப்பதுதான் மருந்து. கருவியில் வரும் பிரச்சினைக்குக் கைதேர்ந்த ஒருவர் வந்தாக வேண்டும்.

என்னிடம் மூன்று லட்சம் கொடுத்தால் இப்படிச் செய்வேன். முதல் ஆறு மாதம் ஆபரேட்டர் கூட்டம் மட்டும், பத்துப் பத்து ஊராகப் பிரித்து, மாதந்தோறும். அதற்கு 1,34,400 ரூபாய் ஆகும். அதற்குள் ஒரு விஷயம் தானாகத் தெரிந்துவிடும். மோட்டார் தகராறு செய்தால் மற்ற ஆபரேட்டர்கள் யாருக்குப் போன் அடிக்கிறார்களோ, அவர்தான் சுற்றும் மெக்கானிக்காக வர வேண்டிய ஆள். மீதிப் பணத்தில் அடுத்த ஆறு மாதத்துக்கு அவருக்கு மாதம் 25,000 கொடுக்கலாம். அவர் ஊரில் மாற்று ஆளைப் போடுவதற்கும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டாம் ஆண்டிலிருந்து கூட்டம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். மெக்கானிக்கைப் பக்கத்து ஒன்றியத்தோடு பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். 64 ஊராட்சி என்றாலும் நாளுக்கு இரண்டு ஊர் போனால் ஒன்றரை மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவை முதல் கூட்டம் நடந்த அன்று மாலை தொடங்கினால் போதும்.

இதோடு மோட்டார் அறையில் ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எத்தனை ஆம்ப்ஸ், எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எதை எப்போது மாற்றியது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பெரும்பாலான மாவட்டங்களில் தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவருக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அவரோடு வீட்டுக்குப் போனது. ஆபரேட்டர் இருந்தார். நாளைக்கு அவரும் ஓய்வு பெற்றால் மண்ணுக்குள் போகும் பைப் எங்கே திரும்புகிறது என்று தோண்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக் கிராம சபையில் அந்த நோட்டைப் படித்துக் காட்டினால் ஊருக்கும் விஷயம் தெரியும்.

எல்லா இடத்துக்கும் இதே வரிசை பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கொல்லிமலை, கல்வராயன்மலை மாதிரி இடங்களில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய் வர ஒரு நாள் போய்விடும். அங்கே மெக்கானிக்கை முதலில் வைப்பதுதான் சரி. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளூரைடு பிரச்சினை. ஒகேனக்கல் திட்டத்தின் காவிரித் தண்ணீர் வராத நாளில் உள்ளூர் போர் தண்ணீரை எப்படிக் கலந்து விடுவது என்பதை ஆபரேட்டர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய முடியாது. அங்கே பரிசோதனைக் கூடத்துக்காரர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்க வேண்டும்.

ஒரே பைப்பில் பல ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வாங்கும் ஊர்களுக்குப் பத்து ஊர் என்று எல்லை போட்டுப் பிரிப்பதே தப்பு. ஊர் சம்ப் (தண்ணீர் வந்து சேரும் தரைத் தொட்டி) வரைக்கும் வாரியத்தின் பொறுப்பு, அதற்கப்புறம் ஊராட்சியின் பொறுப்பு. ஆனால் ஒரே பைப்பில் மேலே இருக்கிற ஊர் வால்வைக் கூடுதலாகத் திறந்தால் கடைசி ஊருக்குத் தண்ணீர் ஏறாது. அந்த இரண்டு ஊர் ஆபரேட்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள், போனில் சண்டை மட்டும் போட்டிருப்பார்கள். அங்கே ஒன்றிய எல்லையைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரே பைப்பில் தொங்கும் ஊர்கள் எவையோ அவற்றை ஒரு குழுவாகப் போடுங்கள். முதல் கூட்டத்தைக் கடைசி ஊரில், தண்ணீர் ஏற வேண்டிய நேரத்தில் வையுங்கள்.